டேங்க் கீசரா, இன்ஸ்டன்ட்டா, கேஸா? ஜூஜுவாடிக்காரங்களுக்கு ஒரு டாக்டரின் பதில்

கார்த்திகை பிறந்தா எங்க பக்கம் வர்ற கேள்வி இது. "டாக்டர், டேங்க் வச்ச கீசர் வாங்கட்டுமா, டேங்க் இல்லாததா? டேங்க் இல்லாததுதான் கரண்ட் மிச்சம்னு யூடியூப்ல சொல்றாங்களே?"

கீசருக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. இருக்கு, கீழே வருது.

முதல்ல அந்தக் கரண்ட் கணக்கு. அமெரிக்க வீடுகள்ல 150, 200 லிட்டர் டேங்க் ராப்பகலா சூடாவே நிற்கும். யாரும் குளிக்காத நேரத்திலும் வெப்பம் வீணாகும். அங்கே டேங்க் இல்லாதது மிச்சம்தான். நம்ம வீட்டுல 15 லிட்டர். காலையில அரை மணி போட்டு அணைச்சிடறோம். இதுல மிச்சம் பிடிக்க பெருசா ஒண்ணும் இல்ல. அதே தண்ணிய அதே சூட்டுக்குக் கொண்டுவர எந்தக் கீசரா இருந்தாலும் கிட்டத்தட்ட அதே யூனிட்தான்.

இன்னொரு விஷயம், நம்ம ஊர் குளிர். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழி காலையில மாடி டேங்க் தண்ணி 20 டிகிரினு வச்சுக்குவோம். கடையில விக்கிற 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் அதை 40 டிகிரிக்குக் கொண்டுவந்தா நிமிஷத்துக்கு 2 லிட்டர் சொச்சம்தான் தரும். ஒரு பக்கெட் நிரம்ப 7 நிமிஷம். குழாயை முழுசாத் திறந்தா முதல் 3 லிட்டர் சூடு, அப்புறம் வெதுவெதுப்பு. தண்ணி 28 டிகிரியில வர்ற சென்னையில அதே கீசர் மூன்றரை லிட்டர் கொடுக்கும். சென்னை மச்சான் சொன்னார்னு இங்கே வாங்கி மாட்டிட்டு நடுங்காதீங்க. அது இழுக்கிற 13 ஆம்பியரை நம்ம லைன் வீட்டு வயரிங் தாங்குமானு எலக்ட்ரீஷியன் கிட்ட கேட்கணும்.

15 லிட்டர் டேங்க், 2 கிலோவாட். 20லிருந்து 60 டிகிரிக்குப் போக 20 நிமிஷம் சொச்சம், முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. பச்சைத் தண்ணி கலந்தா இரண்டு பக்கெட். என் ஓட்டு இதுக்குத்தான். போர் தண்ணி உப்பு எப்படியும் உள்ளே படியும், வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணுங்க. குழந்தை இருக்கிற வீட்டுல பக்கெட்ல முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் சுடுதண்ணி. 60 டிகிரி தண்ணி சில நொடியில தோலை உரிச்சிடும்.

இப்போ நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வர்றேன்: கேஸ் கீசர்.

சிப்காட் வேலைக்கு வந்து வாடகைக்கு இருக்கிறவங்க பலர் இதைத்தான் மாட்டுறாங்க. ஏன்னு புரியுது. ஹவுஸ் ஓனர் "கரண்ட் கீசர் கூடாது"ம்பார், சப் மீட்டர்ல யூனிட் விலையும் ஜாஸ்தி. கேஸ் கீசர்னா வயரிங் தொல்லை இல்ல, நிமிஷத்துக்கு 6 லிட்டர் சுடச்சுட கொட்டும். சிலிண்டர் போதும்.

நாலுக்கு அஞ்சு அடி பாத்ரூம். குளிருதுன்னு வென்டிலேட்டரையும் அடைச்சாச்சு. உள்ளே எரியற அடுப்பு, உங்க நுரையீரலுக்குப் போட்டியா ஆக்ஸிஜனைத் தின்னும். காத்து குறையக் குறைய கார்பன் மோனாக்ஸைடு வரும். சிலிண்டர் லீக் ஆனா நாத்தம் வரும், கண்டுபிடிச்சிடலாம். இதுக்கு நாத்தமும் இல்ல, நிறமும் இல்ல. ரத்தத்துல ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, அப்புறம் கால் துவண்டு போகும். தாழ்ப்பாளைத் திறக்கக்கூட கை வராது. 2023 ஜூன்ல பெங்களூரு சிக்கஜாலாவில் ஒரு இளம் ஜோடி இப்படித்தான் பாத்ரூமிலேயே இறந்து கிடந்தாங்க.

பிழைச்சவங்களுக்கு வேற சிக்கல். "பாத்ரூம்ல ஃபிட்ஸ் வந்துச்சு"ன்னு தூக்கிட்டு வருவாங்க. நம்ம பக்கத்துல, முக்கியமா கர்நாடகத்துல, தலையில சுடுதண்ணி ஊத்தினா வர்ற வலிப்புன்னு நிஜமாவே ஒரு நோய் இருக்கு. நிம்ஹான்ஸ் டாக்டர்கள் நிறைய எழுதியிருக்காங்க. அதனால குழப்பம் சுலபம். விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் 98, 99ன்னு பொய் சொல்லும், அதுக்கு இந்த இரண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. ரத்தப் பரிசோதனைகூட சில மணி நேரம் கழிச்சு எடுத்தா நார்மலா வரலாம். ஸ்கேனும் நார்மல்னா கடைசியில வலிப்பு மாத்திரை, வருஷக்கணக்குல. "வீட்டுல கேஸ் கீசரா?"ன்னு ஒரு கேள்வி கேட்டா கதையே மாறும். டாக்டர் கேட்கலைன்னா நீங்களே சொல்லுங்க.

யாராவது உள்ளே விழுந்துட்டா கதவை உடைச்சு, கேஸை மூடி, ஆளை வெளிக்காத்துக்கு இழுங்க. உள்ளே நின்னு முகத்துல தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தா நீங்களும் விழுவீங்க. 108. ஆக்ஸிஜன்தான் மருந்து. சாதாரணக் காத்துல அந்த விஷம் பாதியாக் குறைய 4, 5 மணி நேரம், முழு ஆக்ஸிஜன்ல ஒன்றரை மணிக்குள்ள.

ஹவுஸ் ஓனர்கள் கோவிச்சாலும் சொல்றேன். கரண்ட் கீசர் கூடாதுன்னு நீங்க சொல்றதுதான் அந்தச் சிலிண்டரை பாத்ரூமுக்குள்ள கொண்டுவருது. எர்த்திங்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் போட்டு ஒரு 15 லிட்டர் டேங்க் மாட்டிக் கொடுங்க. வாடகையில கொஞ்சம் ஏத்திக்கோங்க, யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.

"ஏற்கெனவே வாங்கிட்டோம் டாக்டர், வேற வழியில்ல"ன்னு இன்பாக்ஸ்ல வருவீங்க. கீசரை பாத்ரூமுக்கு வெளியே, திறந்த இடத்துல மாட்டி பைப் மட்டும் உள்ளே விடுங்க. அதுவரைக்கும், கதவு திறந்திருக்கும்போதே பக்கெட்டை நிரப்புங்க. கீசரை அணைங்க, ரெகுலேட்டரை மூடுங்க. உள்ளே காத்து மாறினதுக்கு அப்புறம் கதவைச் சாத்திக் குளிங்க. குழந்தைகளைக் குளிப்பாட்டும்போதும் இதே மாதிரிதான்.