எடைக்கல்லும் மிதிவண்டித் திறன்மானியும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள சாலைகள் ஏறியும் இறங்கியும் செல்வன. இங்கே பந்தயத்திற்குப் பயிலும் மாணவனின் உழைப்பை வேகத்தைக் கொண்டு மதிப்பிட இயலாது. ஏற்றத்தில் வேகம் குறையும், உழைப்போ மிகும். ஆகவேதான் உழைப்பை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டர், அதாவது திறன்மானி, பயிற்சியாளர்களிடம் மதிப்புப் பெற்றுள்ளது. ஜெர்மானியரான உல்ரிச் ஷோபரர் 1986-ல் உருவாக்கிய இத்தகைய கருவி, இன்று கைமாறிய பழம்பொருளாகக் கிராமத்து இளைஞர்க்கும் கிட்டக்கூடியது. ஆசிய மலைச் சைக்கிள் போட்டி 2023-ல் இதே மாவட்டத்துப் பொன்முடியில் நடைபெற்றது; இவ்வூர்ச் சிறுவர்க்கும் அத்தகைய ஆசை எழுவது இயல்பே. எனினும், வாட் எண்ணைப் பார்த்து ஒரு மாணவனைச் சேர்த்து மற்றொருவனை விலக்குவதாயின், அந்த எண் சரியானதா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

கருவியின் 'காலிபிரேஷன்' பொத்தானை அழுத்தினால் போதுமென்ற எண்ணம் தவறானது. பெரும்பாலான கருவிகளில் அது சுழியை மட்டுமே திருத்தும். தராசின் வெறுந்தட்டுகள் சமமாக நிற்பது கொண்டு எடைக்கல் சரியானது என்று எவரும் கொள்வதில்லை அன்றோ?

மிதிக்கும்போது கிராங்கின் உலோகம் கண்ணுக்குப் புலனாகாத அளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய இழையின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது. அதிலிருந்து பெறும் முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். பிழை பெரும்பாலும் முறுக்குவிசையிலேயே நேர்கிறது. அதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. மளிகைக் கடையின் முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் போதும். 1956 நவம்பரில் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த கிலோகிராம் எல்லையின் இருபுறமும் ஒன்றே. பாறசாலைக் கல்லாயினும் களியக்காவிளைக் கல்லாயினும் முத்திரை காலாவதியாகாதிருத்தல் வேண்டும், அவ்வளவே.

சுழியைத் திருத்தியபின், பின்சக்கரத் தடையை இறுகப் பிடித்து, கிராங்கை முன்னோக்கிக் கிடைமட்டமாக நிறுத்தி, பெடல் அச்சில் கல்லைத் தொங்கவிட வேண்டும். கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டராயின், 20 × 9.78 × 0.170, அதாவது 33.25 நியூட்டன்-மீட்டர் காட்டவேண்டும். பாடப்புத்தகத்தின் 9.81-க்குப் பதிலாக 9.78 கொள்வது, நிலநடுக்கோட்டிற்கு அருகிலுள்ள இவ்விடத்தில் புவியீர்ப்பு சற்றே குறைவு என்பதனால். வகுப்பில் இதைச் சொல்ல இதைவிட நல்ல தருணம் ஆசிரியர்க்கு வாய்ப்பது அரிது. கிராங்க் 5 பாகை சாய்ந்திருந்தாலும் பிழை 0.4 சதவீதமே, ஆகவே இரசமட்டத்தோடு போராட வேண்டாம். இடப்புறம் மட்டும் அளந்து இரட்டிக்கும் கருவி 66.5 காட்டினால் அது பழுதன்று.

எண் பொருந்தாவிடின் 10 கிலோ கல்லையும் தொங்கவிடுக. அதற்குரிய மதிப்பு 16.63. இரண்டு கற்களுக்கும் ஒரே அளவாக 1 மிகுமாயின் குற்றம் சுழியிலுள்ளது. நிமிடத்திற்கு 90 சுற்றில் அது எப்போதும் 9.4 வாட் மிகைப்படுத்தும். முதலில் 0.5, அடுத்து 1 என மிகுமாயின் குற்றம் விகிதத்தில். அது 3 சதவீதம். 100 வாட்டில் 3, 300 வாட்டில் 9 என அது வளரும். பயிற்சி முற்ற முற்ற மாணவனின் முன்னேற்றம் மிகையாகத் தோன்றுவதால் இதுவே அபாயமானது.

சுழி மட்டும் மாறினால் பழுதென்று அஞ்சவேண்டியதில்லை. நிழலிலிருந்து வெயிலுக்கு வந்த உலோகம் விரிகிறது. வெளியே கால்மணி நேரம் நிறுத்திய பின்னரே சுழியைத் திருத்துக. மழைக்காலத்தில் மின்கல அறையின் ஈரத்தையும், தளர்ந்த திருகுகளையும் முதலில் பார்க்க. இடப்புறம் மட்டும் அளக்கும் கருவியில் வேறொரு குறையும் உண்டு: 200 வாட்டில் இடக்கால் 96 மட்டுமே அளித்தால் கருவி 192 என்றே கூறும். இதை எடைக்கல்லால் கண்டறிய இயலாது. ஆகவே அத்தகைய கருவியால் இரு மாணவரை ஒப்பிடுவது முறையன்று, ஒருவனையே மாதந்தோறும் ஒப்பிடலாம். விகிதத்தைத் திருத்த வசதியற்ற கருவியாயின், கண்ட சதவீதத்தைத் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதிவைத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.