மச்சாளுக்குச் சரி, எனக்குச் சரிவருமா?



சில மாதங்களுக்கு முன் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு அக்காவைச் சந்தித்தேன். 2009இல் ஷெல் வீச்சில் ஒரு காலை இழந்தவர். வயிற்றிலும் காயப்பட்டுச் சத்திரசிகிச்சை செய்தவர். இப்போது எடை 104 கிலோ. உடம்பு பருக்கப் பருக்கச் செயற்கைக் கால் இறுக்கி, தோல் புண்ணாகிவிட்டது. கடைக்குப் போவதற்கும் மகளின் துணை வேண்டும்.

"தங்கச்சி, கனடாவில இருக்கிற மச்சாள் ஸ்லீவ் எண்ட ஒப்பரேசன் செய்து நல்லா மெலிஞ்சிட்டா. காசு அனுப்புறன், நீயும் அதையே செய் எண்டுறா. செய்யட்டோ?" என்று கேட்டார்.

நான் படித்தது சமூகவியல். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆகவே அவரோடு கொழும்புக்குச் சென்று சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைச் சந்தித்தேன். அங்கே விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன்.

இன்று பெரும்பாலும் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி அகற்றி, மிகுதியைக் குழாய் போல விடுவார்கள். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. குடலில் கை வைப்பதில்லை. ஆனால் நெஞ்செரிவு கூடலாம்.

பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றைப் பிரித்து, நேரே சிறுகுடலோடு இணைப்பார்கள். நெஞ்செரிவும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக உதவும். ஆனால் டைக்குளோபினாக், இபுப்ரூபன் போன்ற நோக்குளிசைகளைப் பிறகு போடக்கூடாது. இணைத்த இடத்தில் புண் வரலாம். இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12 குறையலாம். எதைச் செய்தாலும் ஆயுள் முழுவதும் விற்றமின் குளிசையும் இரத்தப் பரிசோதனையும் உண்டு.

இரைப்பையைச் சுற்றி வளையம் போடும் முறையும் முன்பு பரவலாக இருந்தது. பலருக்குத் திரும்பவும் சத்திரசிகிச்சை தேவைப்பட்டதால் அது இப்போது குறைந்துவிட்டது.

அக்காவுக்கு நெஞ்செரிவு உண்டு. அது பைபாஸ் பக்கம் இழுக்கிறது. ஆனால் கால் நோவுக்குத் தினமும் டைக்குளோபினாக் போடுகிறார். வயிற்றில் பழைய காயம் இருப்பதால் குடல்கள் ஒட்டியிருக்கலாம். இவை இரண்டும் ஸ்லீவ் பக்கம் இழுக்கின்றன.

டொக்டர் பழைய சிகிச்சை அட்டையைக் கேட்டார். இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்றார் அக்கா. "தழும்பு இருக்குத்தானே, அதைக் காட்டுங்கோ" என்றார் டொக்டர். இத்தனை வருடம் ஒருவருக்கும் காட்டாத தழும்பை அக்கா அன்று காட்டினார்.

முடிவு அன்றே எடுக்கப்படவில்லை. குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்க வேண்டும், நோக்குளிசையை மாற்றிப் பார்க்க வேண்டும், செயற்கைக் காலை அளவெடுத்துத் திருத்த வேண்டும் என்றார்கள்.

சகோதரிகளே, எது கூடுதலாக மெலிய வைக்கும் என்று மட்டும் கேளாதீர்கள். பழைய காயம், போடும் குளிசைகள், நெஞ்செரிவு, தொடர்ந்து கிளினிக் வர முடியுமா என்பது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தை பெற விரும்புவோர் சத்திரசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் பொறுக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: "மச்சாள் காசை அனுப்பட்டும். எந்த ஒப்பரேசன் எண்டதை நானும் டொக்டரும் பாப்பம்."