வேட்பாளரை அளக்கும் கோல்

தேர்தல் வருங்கால் வேட்பாளரைப் பற்றி மக்கள் வினவத்தக்கன இரண்டு. இவர் யார்? இவர் என்ன செய்வார்? முன்னதற்கு விடைகூற முந்துவார் பலர். பின்னதற்கு அளவோடு விடைகூறுவார் மிகச் சிலர். குடிசையிற் பிறந்தேன், கூழுண்டு வளர்ந்தேன் என்பது ஒருவரின் வரலாறாகலாம். அதுவே அவர்தம் கொள்கையாகிவிடுமோ? வறுமை ஒருவர்க்கு இரக்கத்தைத் தரலாம். ஆளும் அறிவைத் தானே தந்துவிடாது.

இதனைத் தெளிவுறுத்த, அமெரிக்க மாநிலச் சட்டமன்ற வேட்பாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஆபிரகாம் இலிங்கன். குடியரசுத் தலைவரான இலிங்கனை உலகறியும். இல்லினாய்சு மாநிலச் சட்டமன்றத்திற்கு நின்று தோற்ற 23 அகவை இளைஞரை அறிந்தோர் குறைவு.

1809-இல் கெந்தக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிலிற் பிறந்த அவர், ஒன்பதாம் அகவையில் தாயை இழந்தார். பள்ளி சென்ற நாள்களை எல்லாம் ஒருங்கே கூட்டினும் ஓராண்டு நிரம்பாது. 1831-இல் நியூ சேலம் என்னுஞ் சிற்றூரை அடைந்து கடைப்பணியாளரானார். மறு ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாளிட்டுச் சங்கமன் மாவட்ட மக்களுக்கு ஓர் அறிக்கை எழுதி இதழில் வெளியிட்டார். தாம் எளிய நிலையிற் பிறந்து அந்நிலையிலேயே இருப்பவர் என்பதையும், தமக்காகப் பரிந்துரைக்கச் செல்வரோ பெயர்பெற்ற உறவினரோ இலர் என்பதையும் அறிக்கையின் இறுதிப் பகுதியிற் சுருங்கக் கூறி முடித்தார். முற்பகுதி முழுவதும் ஆறும் பாதையும் வட்டியும் கல்வியுமே. கொள்கை முன்னும் பிறப்புப் பின்னுமாக நின்ற இவ்வைப்பு முறையே நாம் முதற்கண் கருதத்தக்கது.

அக்கொள்கைகள் யாவை? அம்மாவட்டத்திற்கு இருப்புப்பாதை வேண்டும் என்னும் அவா அன்று மிக்கிருந்தது. பாதை நல்லதே என அவரும் ஒப்பினார். ஆயின் அதற்கு மதிப்பிட்ட செலவு 2,90,000 தாலர். இளம்பருவத்திலுள்ள நம் பொருள்வளம் அதனைத் தாங்காது. சங்கமன் ஆற்றைச் சீர்செய்து படகு செல்லவிடுதலே நமக்கேற்றது என்றார். அவ்வாற்றிலே தட்டைப்படகு கட்டிச் செலுத்தியவர் அவர்; ஆலையிலே பணியாற்றி நீரின் ஏற்ற இறக்கத்தைக் கண்காணித்தவர். ஆகலின் அவர்தம் பட்டறிவு வெறும் பெருமைப் பேச்சாகாமல் கொள்கைக்குச் சான்றாக நின்றது. எனினும், ஆற்றுப்பணிக்கு ஆகுஞ் செலவு இவ்வளவு என்று தம்மாற் கூறவியலாது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். வேட்பாளர் வாயில் இத்தகைய சொல் எத்துணை அரிது!

கடுவட்டிக்குச் சட்டத்தால் வரம்பு கட்டவேண்டும் என்றார். கல்வியே மக்கள் கருதத்தக்கவற்றுள் தலையாயது என்றார். ஒவ்வொருவரும் தம் நாட்டு வரலாற்றையும் பிறநாட்டு வரலாற்றையும் படித்தறியும் அளவேனும் கல்வி பெறவேண்டும் என்றார். ஆயின் அதற்குத் திட்டம் எதையும் வகுத்துரைத்தாரல்லர். ஆசிரியன் என்னும் முறையில் இதனைக் குறை என்றே யான் குறிப்பேன்.

தேர்தலில் வேட்பாளர் 13 பேர், இடங்கள் நான்கு. இலிங்கன் எட்டாமவராய்த் தோற்றார். ஆயின் அவரை அன்றாடம் கண்டு பழகிய நியூ சேலத்தில் பதிவான 300 வாக்குகளில் 277 அவர்க்கே விழுந்தன. அருகிருந்தோர் தரும் சான்றினும் சிறந்த சான்று உண்டோ? 1834-இல் வென்றார், தொடர்ந்து நான்கு முறை அம்மன்றத்திற் சென்றமர்ந்தார்.

இவ்வளவோடு நிறுத்தின், இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். மேலும் காண்போம். 1837-இல் ஏறத்தாழ ஒரு கோடி தாலர் செலவில் மாநிலமெங்கும் இருப்புப்பாதைகளும் கால்வாய்களும் அமைக்கும் சட்டம் வந்தது. 2,90,000 தாலருக்கு அஞ்சிய அதே இலிங்கன் இதற்கு முன்னின்று துணைசெய்தார். அவ்வாண்டே நாட்டிற் பொருள் நெருக்கடி மூண்டது. தொடங்கிய பணிகள் பல குறையாய் நின்றன. 1840-களின் தொடக்கத்தில் மாநிலம் கடனுக்கு வட்டியும் கட்டவியலாது தவித்தது. வேட்பாளராய் இருந்தபோது கையிற் பிடித்த அளவுகோலை, மன்றத்துள் புகுந்தபின் கைவிட்டமையின் விளைவு இது.

இன்னொன்றும் உண்டு. 1832 அறிக்கையில் அடிமை முறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாக்காளரும் வினவியதாகத் தெரியவில்லை. அவர்கள் வெள்ளை ஆடவர் மட்டுமே அன்றோ? ஆயின் 1837-இல், அடிமை ஒழிப்பாரைக் கண்டித்து, அடிமைகளை உடைமையாகக் கொள்ளும் உரிமைக்கு அரணாக ஒரு தீர்மானம் வந்தபோது, கீழவையில் 77 பேர் அதனை ஏற்க, மறுத்தோர் அறுவர். அவ்வறுவருள் ஒருவர் இலிங்கன். பின்னர்த் தான் இசுடோன் என்னும் உறுப்பினரோடு சேர்ந்து, அடிமை முறை அறத்திற்குப் புறம்பானது, தீய கொள்கையின்பாற் பட்டது என எழுதிப் பதிவு செய்தார். ஒழிப்பாரின் பரப்புரை தீமையை மிகுவிக்கும் என்னுங் குறையுரையும் அதிலே உண்டு. ஆயினும் பெருங்கூட்டத்திற்கு எதிரே அவ்வளவு கூறுதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

பணத்தில் பலரோடு சேர்ந்து பிழைத்தார். அறத்தில் சிலரோடு நின்று உயர்ந்தார். இவ்விரண்டனுள் எதனையும் அவர்தம் முதல் அறிக்கை முன்னறிவிக்கவில்லை.

வள்ளுவப் பேராசான் ஆளைத் தேர்வதற்குத் தெரிந்து தெளிதல் என்றும், தேர்ந்தாரை ஆள்வதற்குத் தெரிந்து வினையாடல் என்றும் இரண்டு அதிகாரங்கள் வகுத்ததன் நுட்பம் இதுவே. தேர்வதோடு மக்கள் கடமை முடிவதன்று. ஆகலின் எந்நாட்டு வாக்காளரும் வேட்பாளரை நோக்கி மூன்று வினவுக. உம் வாழ்க்கை உமக்குக் கற்பித்தது யாது? நீர் செய்வேன் என்பதற்கு ஆகுஞ் செலவு எவ்வளவு? நீர் வாய்திறவாது விட்டது எது? மூன்றாம் வினாவுக்கு விடை வாராவிடின், வரும்வரை வினவுக. வென்றபின்னும் அறிக்கையைக் கையில் வைத்திருந்து, அவர் செயலோடு ஒத்துப் பார்க்க. வேட்பாளரின் பிறப்பு அவர் கையில் இல்லை. அவரை அளக்குங் கோல் என்றும் நம் கையில் உண்டு.