சாந்தமும் ஒரு சான்றே

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு துறைத்தலைவர் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வதே எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆயினும், நெடுநாளாக நெஞ்சை உறுத்திவரும் கடன் ஒன்றைத் தீர்ப்பதற்கு இதனினும் தக்க இடம் வாய்க்காது என்று கருதினேன். இசுலாமியப் பெருமக்கள் நடத்தும் கல்லூரியில் தமிழ் கற்பித்து வாழ்பவன் நான், சமயத்தால் கிறித்தவன். இங்கே என் சமயம் பற்றி ஒருவர் வினவினால், அல்லது குறை கூறினால், நான் எவ்வாறு விடையிறுத்தல் வேண்டும்? இவ்வினாவை ஒருமுறை நேரில் எதிர்கொண்டு தவறினேன்.

அப்பொழுது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அண்ணனூரில் குடியிருந்தேன். மின்தொடர் வண்டிகளின் பணிமனையை ஒட்டிய அந்தச் சிறு நிலையத்தில் காலையில் வண்டி ஏறினால், ஆவடியிலிருந்தே நிரம்பி வந்த கூட்டத்தினிடையே நின்றுகொண்டுதான் வரவேண்டும். அவ்வண்டியில் நம் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவரும் வருவார். நற்பண்பும் படிப்பார்வமும் உடைய இசுலாமிய இளைஞர். ஒருநாள் திருமுல்லைவாயில் கடந்ததும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, ஈசா நபிக்கு அருளப்பட்ட இன்ஜீல் வேதம் ஒன்று என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். உங்களிடம் நான்கு இருக்கின்றனவே, அது எப்படி?"

கேள்வியில் குத்தல் இல்லை. என் செவிக்குத்தான் அது குத்தலாக ஒலித்தது. சுற்றிலும் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடை கூறுவதற்கு மாறாக, அவருடைய சமயத்தைச் சுட்டி நகையாடும் சொல் ஒன்றை வீசினேன். நின்றிருந்தவர்களுள் இருவர் மூவர் சிரித்தனர். அவர் "சரிங்க ஐயா" என்று சொல்லித் தலைகுனிந்தார். மறுநாள் முதல் அவர் வேறு பெட்டியில் ஏறலானார். வகுப்பிலும் அதன்பின் என்னை எதுவும் கேட்டதில்லை. அன்று வாதத்தில் வென்றவனாக நான் வண்டியை விட்டு இறங்கினேன். கேட்ட கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்லவேயில்லை.

வாள் உருவியவரின் அறிவுரை

புதிய ஏற்பாட்டில் பேதுருவின் பெயரால் அமைந்த முதல் கடிதம், மூன்றாம் அதிகாரத்தில், கிறித்தவர்க்கு ஒரு நெறி வகுக்கிறது. உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கும் எவர்க்கும் மறுமொழி கூற ஆயத்தமாய் இருங்கள். அதனைச் சாந்தத்தோடும் மதிப்போடும் கூறுங்கள் என்பது அதன் கருத்து. இதில் இரண்டு கட்டளைகள் உள்ளன. மறுமொழி கூற வேண்டும் என்பது ஒன்று. மென்மையோடு கூற வேண்டும் என்பது மற்றொன்று. நம்மில் பலர் முதற்பாதியை மனப்பாடம் செய்து, பிற்பாதியை மறந்துவிடுகிறோம்.

அக்கடிதம் எவர்க்கு எழுதப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது. இன்றைய துருக்கி நாட்டுப் பகுதிகளில் சிறுசிறு கூட்டங்களாக, அண்டை அயலாரின் பழிச்சொல்லுக்கு ஆளாகி வாழ்ந்தவர்களுக்கு அது எழுதப்பட்டது. ஏச்சு வாங்கியவர்களை நோக்கியே சாந்தமாய் விடை சொல்லுங்கள் என்றது. வசதியாக இருப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய நாகரிகம் என்று அதனைத் தள்ளிவிட இயலாது.

இவ்வறிவுரைக்கு உரியவராகச் சொல்லப்படும் பேதுரு யார்? தம் ஆசிரியரைக் கைது செய்ய வந்தவர்களை நோக்கி வாளை உருவி, தலைமைக் குருவின் ஊழியன் ஒருவனது காதை வெட்டியவர். வாளை உறையில் இடுமாறு இயேசு அவரைக் கடிந்தார். அன்றிரவே, அனல் காய்ந்துகொண்டிருந்த இடத்தில், ஆசிரியரை அறியேன் என்று மும்முறை மறுத்தவரும் அவரே. பாய்வதும் ஒளிவதும் ஆகிய இரண்டையும் செய்து பார்த்து, இரண்டிலும் தோற்றவரின் பெயரால்தான் சாந்தம் பற்றிய இவ்வறிவுரை நமக்கு வந்திருக்கிறது.

சாந்தம் என்பது வாய்மூடி இருத்தல் அன்று. விசாரணையின்போது காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு பேசாதிருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதனை எடுத்துக்காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. அக்கேள்வியில் அச்சமும் இல்லை, ஏச்சும் இல்லை.

இந்நெறி இசுலாமிய நண்பர்களுக்குப் புதியதன்று. அழகிய அறிவுரையால் அழைக்கவும், சிறந்த முறையிலேயே வாதிடவும் திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயம் பணிக்கிறது. வேதம் அருளப்பட்டோருடன் அழகிய முறையிலன்றி வாதிட வேண்டா என்று இருபத்தொன்பதாம் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. நஜ்ரானிலிருந்து வந்த கிறித்தவத் தூதுக்குழுவினர் மதீனாப் பள்ளிவாசலிலேயே தம் முறைப்படி தொழ நபிகள் நாயகம் இசைவளித்ததாக வரலாற்று நூலோர் எழுதுவர். கொள்கை வேறுபாட்டில் எவரும் எதனையும் விட்டுக்கொடுக்கவில்லை; விருந்தினரின் மதிப்பும் குறையவில்லை.

தரங்கம்பாடியில் ஒருவர் கற்ற பாடம்

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1706 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, இளமை வேகத்தில் சிற்றூர்க் கோயில் ஒன்றின் மண்ணுருவங்கள் சிலவற்றைத் தள்ளி உடைத்தார். ஊர் ஆசிரியர் ஒருவர் வந்து, இவை கடவுள் அல்ல, கடவுளின் காவலர் உருவங்களே என்று விளக்கினார் என்பதை அவருடைய குறிப்புகளிலிருந்தே அறிகிறோம். உடைத்தவருக்குத் தாம் உடைத்தது இன்னதென்றே தெரிந்திருக்கவில்லை.

அவர் அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை என்பதுதான் சிறப்பு. தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை 1708 இல் செருமானிய மொழியில் பெயர்த்தார். பின்னர் அவரும் உடன் பணியாளர் கிருண்ட்லரும் தமிழ்ப் பெரியோர் பலருக்கு வினாக்கள் எழுதி அனுப்பி, அவர்களுடைய சமயத்தையும் வாழ்க்கையையும் குறித்து அவர்கள் வாய்மொழியாகவே கேட்டறிந்தனர். 1712 முதல் 1714 வரை வந்த மறுமொழிகளுள் 99 கடிதங்கள் செருமனியின் ஆல்லே நகரில் அச்சேறின.

அக்கடிதங்களில் கிறித்தவரைப் பற்றிய குறைகளும் உள்ளன. மதுவருந்துகிறார்கள், பசுவின் இறைச்சியை உண்கிறார்கள், உடல் தூய்மை பேணுவதில்லை என்றெல்லாம் அவர்கள் மறைக்காமல் எழுதினர். இக்குறைகளுள் எதுவும் மூவொருமைக் கோட்பாட்டைப் பற்றியதன்று, நடத்தையைப் பற்றியது. இத்தகைய குறைகளுக்கு ஏட்டைப் புரட்டி விடை கூற இயலாது. உண்மையாயின் ஒப்புக்கொள்ளலாம், இயன்றால் திருந்தலாம். அக்கடிதங்களை மறைக்காமல் தம் நாட்டுக்கு அனுப்பி வைத்ததே சீகன்பால்கு அளித்த ஒரு விடை என்று நான் கருதுகிறேன்.

1713 இல் அவர் தென்னாட்டுத் தெய்வங்களின் வரிசை பற்றி விரிவான நூல் ஒன்று எழுதி முடித்தார். ஆல்லே நகரப் பெரியவர் பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். பிற சமயத்தை ஒழிக்கப் போனவர் அதனைப் பரப்ப நூல் எழுதுவதா என்பது அவர் எண்ணம். அந்நூல் 1867 இல்தான் சென்னையில் அச்சாயிற்று. பிறர் சொல்லைப் பொறுமையாகக் கேட்டு எழுதியவருக்குச் சொந்த வீட்டாரே தடையாக நின்ற கதை இது. இன்றும், மாற்றுச் சமயத்தாரிடம் மென்மையாகப் பேசும் கிறித்தவனை முதலில் ஐயுறுபவர் பெரும்பாலும் அவனுடைய சபையாரே.

1854: இரண்டு மேடைகள்

1854 ஆம் ஆண்டு ஏப்ரல் 10, 11 ஆகிய நாள்களில் ஆக்ராவில் ஒரு வாதம் நடைபெற்றது. ஒருபுறம் செருமானிய ஊழியர் பாண்டர். மறுபுறம் மௌலானா ரகுமத்துல்லா கைரானவி. கைரானவிக்குத் துணையாக நின்ற மருத்துவர் வசீர்கான், ஐரோப்பிய அறிஞர்களின் விவிலிய ஆராய்ச்சி நூல்களையே கற்று வந்திருந்தார். விவிலியப் படிகளில் பாடவேறுபாடுகள் உண்டா என்பது தலையாய வினா. சில இடங்களில் எழுதுவோரின் பிழைகள் நேர்ந்துள்ளன என்று பாண்டர் ஒப்புக்கொண்டார். அது உண்மை, கற்ற கிறித்தவர் எவரும் இன்று அதனை மறுப்பதில்லை. ஆனால் வெற்றி தோல்விக்கு என்று கூட்டப்பட்ட அவையில், உண்மையை ஒப்புக்கொண்டதே தோல்வியாக எண்ணப்பட்டது. இருதரப்பாரும் தாமே வென்றதாகப் பின்னர் உரைத்தனர். நேர்மைக்கு அபராதம் விதிக்கும் மேடையில் நேர்மை எத்தனை நாள் நிற்கும்?

அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலை வெளியிட்டார். சைவ வழிபாட்டை இழித்துக் கிறித்தவ ஊழியர் பரப்பிய துண்டுநூல்களுக்கு அது மறுப்பு. நீங்கள் நகைக்கும் கோயில் வழிபாடும் தூபமும் திருவிழாவும் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே உள்ளனவே என்று அவர் அதிகாரம் அதிகாரமாக எடுத்துக்காட்டினார். இத்தனை நுட்பமாக அவர் விவிலியத்தைக் கற்றது எங்கே? வெசுலியன் ஊழியர் பீட்டர் பெர்சிவலின் பள்ளியில் பயின்று, கற்பித்து, அவருடைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றபோது கற்றார். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் சென்னையில் அச்சாயிற்று.

இதில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. பெர்சிவலும் நாவலரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் சமயத்தை மற்றவர் மாற்றாமலே, பல ஆண்டுகள் ஒரு நூலைத் தமிழாக்கினர். அது மதிப்பின் பயன். துண்டுநூல்களின் ஏளனமோ, அந்த நல்ல மாணாக்கரையே வலிய எதிர்ப்பாளராக நிறுத்தியது. அது கடுமொழியின் பயன். அக்காலத்தில் அச்சுப்பொறி பெரும்பாலும் ஊழியர் கையில் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. வலிய கையில் உள்ளவன் வீசும் ஏளனம் இருமடங்கு உறைக்கும். மாணவர் ஒருவரிடம் ஆசிரியர் வீசிய ஏளனமும் அத்தகையதே என்பதை நான் பின்னர்தான் உணர்ந்தேன்.

மென்மையான மறுமொழிக்குச் சான்று தேடுவார்க்கு இசுலாமியர் வரலாற்றிலும் இடமுண்டு. நபிகள் நாயகம் பற்றி வில்லியம் மூர் எழுதிய நூல் சர் சையது அகமதுகானை மிக வருத்தியது. அவர் 1869 இல் இலண்டன் சென்று, நூலகங்களில் அமர்ந்து சான்றுகளைத் திரட்டி, 1870 இல் ஆங்கிலத்திலேயே மறுப்பு நூல் வெளியிட்டார். அதற்கு முன்பே விவிலியத்துக்கு அவர் விளக்கவுரை எழுதத் தொடங்கியிருந்தார். எதிர்த்தரப்பின் மறைநூலுக்கு மதிப்போடு உரை வரைந்த கை அது.

கொடுக்க மறந்த விடை

இவற்றிலிருந்து நான் எனக்கென வகுத்துக்கொண்ட முறைமை எளியது. கேட்பவரின் வினாவை, அவர் 'ஆம், இதைத்தான் கேட்டேன்' என்று சொல்லும்படி முதலில் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும். குறையில் உண்மை இருந்தால் அதனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு நம் நம்பிக்கையைக் குறைக்காமல், மழுப்பாமல் சொல்லி நிறுத்த வேண்டும். உடன்படாமலே எழுந்து செல்லும் உரிமை அவர்க்கு உண்டு. வேறுபாடுகளே இல்லை என்று குழைவதும் மென்மையன்று; அது கேட்டவரை மதியாமை.

அம்முறைப்படி, அந்த மாணவர்க்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இது.

தம்பி, கேட்டது நல்ல கேள்வி. திருக்குர்ஆன் இறைவனிடமிருந்து இறங்கிய சொல் என்பது உங்கள் நம்பிக்கை. அதை வைத்துப் பார்த்தால் நான்கு நூல்கள் இருப்பது வியப்பாகத்தான் தோன்றும். நாங்கள் இறைவனின் வார்த்தை என்று முதன்மையாகச் சொல்வது நூலை அன்று, இயேசு என்னும் ஆளையே. நூல்கள் அவரைப் பற்றிய சாட்சியங்கள். பழைய படிகளில் நூல்களின் தலைப்பு 'மத்தேயுவின்படி', 'மாற்குவின்படி' என்றே இருக்கும். நற்செய்தி ஒன்று, அதனை உரைத்த சாட்சிகள் நால்வர். தமக்கு முன்னிருந்தவர்களிடம் விசாரித்து எழுதியதாக லூக்காவே முன்னுரையில் சொல்கிறார். நான்கையும் ஒன்றாக்கும் முயற்சியும் நடந்தது. இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கையும் இணைத்து ஒரே நூலாக்கினார். சிரியாவின் திருச்சபைகளில் அது நெடுங்காலம் வழங்கிற்று. ஐந்தாம் நூற்றாண்டில் தியோதொரேத்து என்னும் ஆயர் அதன் இருநூறுக்கு மேற்பட்ட படிகளை விலக்கி, நான்கு நூல்களையே மீண்டும் வைத்தார். வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிந்தே நான்கையும் வைத்துக்கொண்டோம். இயேசுவை நீங்கள் நபியாக மதிக்கிறீர்கள். நாங்கள் அதற்கு மேலும் நம்புகிறோம். இங்கே நாம் வேறுபடுகிறோம். அதை மறைக்க மாட்டேன். நீங்கள் ஏற்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, கேட்டீர்கள், சொல்கிறேன்.

இவ்வளவுதான் விடை. திருமுல்லைவாயிலில் தொடங்கினால் அம்பத்தூர் வருவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம்.

தீயினால் சுட்ட புண் ஆறிவிடும், நாவினால் சுட்டது ஆறாது என்னும் வள்ளுவர் கருத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறேன். அப்பொழுதெல்லாம் வேறு பெட்டி நோக்கி நடந்த ஓர் இளைஞரின் முதுகு என் நினைவுக்கு வருகிறது. நம் சமயம் எதுவாயினும், அதன் மெய்ம்மைக்கு நாம் கூறும் முதற்சான்று நாம் பேசும் முறையே. இம்மலரின் படி ஒன்று என்றேனும் அவர் கைக்குச் சேருமாயின், காலம் கடந்த இவ்விடையோடு என் வருத்தத்தையும் அவர் ஏற்பாராக.