புல்லட் மறந்த நிதானம்

‘ட்ரையல்ஸ்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று நண்பர்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. ‘சோதனை ஓட்டம்’ என்றார் ஒருவர். வாங்குவதற்கு முன் தெருமுனை வரை வண்டியை ஓட்டிப் பார்ப்பதைத்தான் அது குறிக்கும் என்று மற்றொருவர் மறுத்தார். ‘பந்தயம்’ என்று எழுதினாலோ பொருள் தலைகீழாகிவிடும். கடைசியில் ‘ட்ரையல்ஸ்’ என்றே விட்டுவிடுவதென முடிவாயிற்று. ஒரு சொல்லுக்கு நம் மொழியில் இணைச்சொல் அமையாமற்போவதற்குப் பெரும்பாலும் காரணம், அச்சொல் சுட்டும் பொருள் நம் வாழ்வில் இல்லாதிருப்பதே. ஆனால் இங்கே நிலைமை சற்று விசித்திரமானது. ட்ரையல்ஸ் களத்தில் பெயரெடுத்த வண்டிகளுள் ஒன்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் ஊரில்தான் செய்யப்படுகிறது. வண்டி வந்தது; அதைப் புடம்போட்ட கலை உடன் வரவில்லை. (இலக்கியம் பேசும் இடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.)

ட்ரையல்ஸில் வேகம் அளவுகோல் அல்ல. பாறை, சரளை, ஓடை, சேறு, வேர் முடிச்சுகள் நிறைந்த ஒரு குறுகிய தடத்தைக் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. தடத்தின் ஓரத்தில் ஒரு கண்காணிப்பாளர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வழமையான கணக்கின்படி, ஒரு முறை காலூன்றினால் 1 புள்ளி, இரு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. எல்லாம் தண்டனைப் புள்ளிகள். குறைவாகப் பெற்றவரே வென்றவர். முழுக்கச் சரியாகச் செய்தவருக்குக் கிடைப்பது பூஜ்யம். பூஜ்யத்தைப் பரிசாக வைத்திருக்கும் விளையாட்டு வேறு ஏதும் இருக்கிறதா என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம். சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் கோப்பை ட்ரையல்ஸில்தான் இன்றைய புல்லட்டின் முன்மாதிரி முதன்முதலில் பொதுமக்கள் கண்ணில் பட்டது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் பொருத்திய வண்டி அது. அக்கால ட்ரையல்ஸ் வீரர்கள் இதை ஐயத்தோடுதான் பார்த்தார்கள். பின்சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாகப் பிணைந்திருந்தால்தான் தரையில் பிடிப்பு கிடைக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. அது பிழை என்று நிரூபித்தவை கற்களும் ஓடைகளுமே. பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தாழ்ந்தும் உயர்ந்தும் செல்லும் சக்கரம்தான் தரையை விட்டு அகலாதிருக்கும். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் ட்ரையலில் பிரிட்டிஷ் அணியின் சார்பில் புல்லட் ஓட்டிய விக் பிரிட்டெயினும் சார்லி ரோஜர்ஸும் தங்கப் பதக்கம் பெற்றனர். விக்கின் மகன் ஜானி பிரிட்டெயின் 1952லும் 1957லும் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையலை வென்றதும் ராயல் என்ஃபீல்டில்தான்.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் ஓர் எளிய பொறியியல் உண்மை இருக்கிறது. பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அகலம் குறைந்து நீளம் மிகுந்த இவ்வமைப்போடு கனமான ஃப்ளைவீலும் சேர்ந்தால், எஞ்சின் மிக மெதுவாகச் சுழலும்போதும் அணைந்துபோகாமல் இழுக்கும். நாம் ‘டுப் டுப்’ என்று சிலாகிக்கும் ஓசை இதன் உடன்விளைவே. அந்த ஓசையை நாம் கம்பீரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம். அது உண்மையில் நிதானத்தின் ஓசை. தமிழ்த் திரைப்படங்களில் புல்லட்டில் வந்திறங்கும் பண்ணையார்களையும் காவல் அதிகாரிகளையும் நினைத்துக்கொண்டால், பொருள் எத்தனை தூரம் இடம்பெயர்ந்துவிட்டது என்பது விளங்கும்.

ரெடிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் உதிரிகளைக் கொணர்ந்து பூட்டினார்கள். பின்னர் எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். தாய் நிறுவனம் 1970 வாக்கில் இங்கிலாந்தில் மறைந்த பிறகும் சேய் பிழைத்திருந்தது. 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. இந்த வழித்தடத்திலிருந்து, 2019 மார்ச்சில், ‘புல்லட் ட்ரையல்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு வண்டி வந்தது. தூக்கிய சைலன்சர், ஒற்றை இருக்கை, சிவப்பு அல்லது பச்சைச் சட்டம், கட்டையிட்ட டயர். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் எடை ஏறத்தாழ 190 கிலோ. இன்றைய ட்ரையல்ஸ் வண்டி ஒன்றின் எடை 70 கிலோ அளவில்தான் இருக்கும். ஓராண்டு கழிவதற்குள் அந்த வண்டி சந்தையிலிருந்து மறைந்ததில் எங்களுக்குப் பெரிய வியப்பில்லை. நினைவஞ்சலி ஒன்றைச் செய்து விற்றார்கள். யாருக்கான அஞ்சலி என்று வாங்கியவர்களுள் பலருக்குத் தெரிந்திருக்காது. விற்பனைக்கூடத்தில் ஒரு பெயர்ப்பலகை போதும். ஒரு விளையாட்டு உயிர்பெறப் பழகுவதற்கு இடம் வேண்டும், கற்றுத்தருவோர் வேண்டும்.

இடம் என்று சொல்லும்போதுதான் இந்த வழித்தடத்தின் முரண் உறைக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சென்றால் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று உருளக்கூடிய எல்லாவற்றுக்கும் ஆலை இருக்கிறது. யமஹா 2015இல் வல்லம் வடகாலுக்கு வந்தது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கவென்றே மத்திய அரசின் திட்டத்தில் அமைந்த ஆய்வு மையமும் அதன் ஓடுதளங்களும் உள்ளன. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் நடந்துவந்த பந்தயங்களுக்குப் பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் அமைத்தது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். வேகத்துக்கு இங்கே கோயிலே இருக்கிறது. மெதுவாகச் செல்வதற்கு ஒரு திண்ணைகூட இல்லை.

தமிழ்நாட்டில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஓசூரின் டிவிஎஸ், பிரெஞ்சு நிறுவனமான ஷெர்கோவுடன் கூட்டுச் சேர்ந்து டக்கார் ராலியில் பல்லாண்டுகளாகப் பங்கேற்றிருக்கிறது. 2024இல் கேரளத்தின் ஹரித் நோவா அந்த அணிக்காக ராலி-2 பிரிவை வென்றார். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஷெர்கோ 1998இல் தொடங்கியபோது செய்தது ட்ரையல்ஸ் வண்டிகளைத்தான். அந்த நிறுவனத்தின் முதல் பள்ளிக்கூடம் அது. நாம் பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் போயிருக்கிறோம்.

எங்களுக்கு இவ்விளையாட்டின்பால் ஈர்ப்பு ஏற்பட்டதற்குக் காரணம் ஓட்டுவதைக் காட்டிலும் அதற்கு முந்திய வேலைதான். வேகம் பல குறைகளை மறைத்துவிடும். மணிக்கு அறுபது கிலோமீட்டரில் செல்லும்போது ஹேண்டிலின் கோன் செட் சற்று இறுகியிருந்தாலும் கை அறியாது. நடக்கும் வேகத்தில் பாறைக்குப் பாறை திரும்பும்போது, அந்த இறுக்கம் வண்டியைத் தன் விருப்பத்துக்கு இழுத்துச் சாய்த்துவிடும். கிளட்ச் கேபிள் உள்ளே பிசிறடைந்திருந்தால் சாலையில் அது ஒரு சிறு தொந்தரவு. ட்ரையல்ஸில் அது காலூன்றல். கார்புரேட்டரின் ஐடிலிங் துளையில் ஒரு துகள் அடைத்திருந்தால் சாலையில் கைப்பிடியைச் சற்றுக் கூடுதலாகத் திருகிச் சமாளிக்கலாம்; இங்கே அப்படித் திருகினால் வண்டி பாறையிலிருந்து பாய்ந்து கீழே கிடக்கும். ஆகவே ட்ரையல்ஸ் ஓட்டுபவர் தன் வண்டியின் ஒவ்வொரு உறுப்பையும் கையால் அறிந்திருக்க வேண்டியவராகிறார்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் இந்த அறிதலுக்கு உகந்த ஆசான். டேப்பெட் இடைவெளியை அளப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டனை அழுத்தத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, புஷ்ராடை இரு விரல்களால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் மயிரிழைதான் சரியான அளவு. உதைத்துக் கிளப்புவதும் அப்படித்தான். பாயிண்ட் பற்றவைப்பு உள்ள வண்டியில் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, டிகம்ப்ரஸர் நெம்பை அழுத்திச் சற்றே கடத்தி, பிறகு முழு உதை. இதை அறியாதவர் பத்து முறை உதைத்துக் கணுக்காலைப் புண்ணாக்கிக்கொள்வார். சக்கரக் கம்பிகளைச் சிறிய ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக முனகும். ஓடையில் இறங்கிய நாளன்று ஏர் ஃபில்டர் பஞ்சைக் கழுவிப் பிழிந்து உலர்த்தி எண்ணெய் தோய்க்க வேண்டும். சக்கர பேரிங்குகளையும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் திறந்து பார்க்க வேண்டும். நீர் புகுந்த கிரீஸ் மோர்போல வெளுத்திருக்கும். காற்றழுத்தம்கூட வேறு கணக்கு. சாலைக்கு 28, 30 என்று நிரப்புகிறோம். நவீன ட்ரையல்ஸ் வண்டியின் பின்டயருக்கு 4, 5 போதும். டயர் பாறையின் மேல் ஒரு பூனைப் பாதம்போல் பரந்து அமர்ந்துகொள்ளும்.

ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ நம் வாசகர்களுள் பலர் படித்திருக்கக் கூடியது. அதில் நண்பரின் பிஎம்டபிள்யூ வண்டியில் ஹேண்டில் தளர்ந்து வழுக்கும். பீர் டப்பாவின் தகட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்பார் கதைசொல்லி. நண்பருக்கு அது அவமதிப்பாகப் படும். விலையுயர்ந்த ஜெர்மானிய வண்டியில் பழைய டப்பாவா! இந்த நூலைத் தத்துவத்துக்காக மட்டும் கொண்டாடுபவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள் என்பது எங்கள் மனத்தாங்கல். புதுப்பேட்டையில் தகட்டுத் துண்டுகளோடு வாழ்ந்து தேர்ந்த கைகளுக்கு அந்தக் காட்சியில் வியப்பேதும் இராது. அந்தக் கைகளுக்கும் நம் இலக்கியத்துக்கும் இடையே இன்னும் பெரிய பரிச்சயம் ஏற்படவில்லை என்பது வேறு கதை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்றைய வண்டிகள் திறந்து பார்க்கும்படியா இருக்கின்றன? 2020இல் புதிய மாசு விதிகள் வந்தபின் கார்புரேட்டர் போய் எரிபொருள் ஊசியும் மின்னணுப் பெட்டியும் வந்துவிட்டன. 2023இல் வந்த புல்லட்டின் எஞ்சினே வேறு. அளவுகள் 72, 85.8 என்று மாறிவிட்டன. தானே கைவைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற அச்சம் வேறு. தவணையில் வண்டி வாங்கிய ஆலைத் தொழிலாளி, மூவர் நால்வர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அறையின் வாசலில், ஷிப்ட் முடிந்து வந்து எதைத் திறப்பார்? நியாயமான கேள்வி. ஆனால் மின்னணுப் பெட்டி எடுத்துக்கொண்டது ஒரு பகுதியைத்தான். செயின், கேபிள், கம்பி, பேரிங், பிரேக், கோன் செட் ஆகியவை இன்றும் இரும்பும் எண்ணெயும்தான். மேலும், நாள் முழுதும் கன்வேயர் வரிசையில் தன்முன் வந்து நிற்கும் வண்டியில் ஒரே போல்ட்டை முறுக்கி அனுப்புபவருக்கு, முழு வண்டியும் தன் கையில் பிரிந்து மீண்டும் சேர்வதைக் காணும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தான் செய்யும் பொருளோடு மனிதனுக்கு உள்ள உறவு அங்கேதான் மீள்கிறது.

இன்னொரு ஆபத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. ‘ஆஃப் ரோடு’ என்ற பெயரில் வார இறுதிகளில் ஏரிக்கரைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் வண்டிகள் சீறிப் பாய்வதைக் காண்கிறோம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் கரைகள் யாருடைய சாகசத்துக்காகவும் கட்டப்பட்டவை அல்ல. கரையில் டயர் கிழிக்கும் தடத்தில்தான் அடுத்த மழைநீர் வழிந்து உடைப்புக்கு வழி தேடும். தொழிற்பேட்டைகளுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, எஞ்சிய புறம்போக்கில் ஆடுமாடு மேய்ப்பவர்களிடமிருந்து அதையும் விளையாட்டின் பெயரால் பறிப்பது அநீதி. ட்ரையல்ஸின் சிறப்பு அதன் சிக்கனம். ஓர் ஏக்கர் கரடு, பத்துப் பாறை, பழைய லாரி டயர்கள், சில மரக்கட்டைகள், எல்லை குறிக்க ரிப்பன். ஒரு பிற்பகலுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலே மிஞ்சும்.

அப்படியொரு இடத்தைச் சிப்காட் வளாகங்களுக்குள்ளேயே, பயனற்றுக் கிடக்கும் ஒரு மூலையில், ஆலைகள் சேர்ந்து ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. கூடவே ஒரு கூரைக்கொட்டகை, பொதுக் கருவிப்பெட்டி, ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவருக்கு மாதச் சம்பளம். கைவிடப்பட்ட கல்குவாரிகளைப் பயன்படுத்தலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் குவாரிக் குட்டைகளின் நீர்தான் 2017 வறட்சியில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீராகப் போயிற்று. நீர் தேங்கும் பள்ளங்களை நீருக்கே விட்டுவிட வேண்டும். குவாரிகளில் இளைஞர்கள் மூழ்கி இறக்கும் செய்திகளும் நமக்குப் புதியவை அல்ல. இடம் மேட்டு நிலமாக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்தபின் தொடங்கலாம். அப்போது மண் இறுகியும் இருக்காது, சேறாகவும் இருக்காது.