வாக்களிக்காத நகரமா, வாக்குரிமை எட்டாத நகரமா?

2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் 65.8 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. தில்லியின் புறநகரான நொய்டாவை உள்ளடக்கிய கௌதம புத்த நகர் தொகுதியிலோ சுமார் 53.6 விழுக்காட்டினரே வாக்களித்தனர். 2019இல் இது 60ஐத் தாண்டியிருந்தது. அண்டைத் தொகுதியான காஜியாபாத் 50 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

முதலாளித்துவ ஊடகங்கள் இதற்குச் சொன்ன காரணம் ஒற்றைச் சொல்தான்: அலட்சியம். வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை. வார இறுதியோடு சேர்த்து மூன்று நாள் விடுமுறை கிடைத்ததால் படித்த நடுத்தர வர்க்கம் சுற்றுலா சென்றுவிட்டது என்றார்கள். தேர்தல் ஆணையமும் இப்பார்வையிலிருந்தே மருந்து தேடியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வளாகங்களுக்குள்ளேயே வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டன. அப்படியும் வாக்குப்பதிவு சரிந்தது. நோய் வேறிடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நொய்டா 1976இல் ஒரு தொழில் வளர்ச்சி ஆணையத்தின் பெயராலேயே உருவான நகரம். ஏறத்தாழ அரை நூற்றாண்டாகியும் அங்கே மாநகராட்சித் தேர்தல் நடந்ததில்லை. மேயரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தொழில் நகரியங்களுக்கு அரசியல் சாசனத்தின் 243கியூ பிரிவு அளிக்கும் விலக்கைப் பயன்படுத்தி, அதிகாரிகளைக் கொண்ட ஆணையமே நிலம், குடிநீர், சாலை, கழிவுநீர் அனைத்தையும் தீர்மானிக்கிறது. கையகப்படுத்தப்பட்ட கிராமங்களின் பஞ்சாயத்துத் தேர்தல்களும் நிறுத்தப்பட்டுவிட்டன. அடுக்குமாடி வளாகங்களில் எஞ்சியிருக்கும் ஒரே ‘தேர்தல்’ குடியிருப்பு உரிமையாளர் சங்கத்துக்கானது. அதில் வாடகைதாரருக்கு இடமில்லை. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் வாக்குச் சீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் வளர்க்கப்பட்ட ஒரு நகரத்தை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரிசையில் நிற்கவில்லை என்று கடிந்துகொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஆனால் இது பாதிக் கதைதான். 53.6 என்பது பட்டியலில் பெயர் உள்ளவர்களைக் கொண்டு போட்ட கணக்கு. பட்டியலிலேயே இடம்பெறாதவர்கள் அந்த விழுக்காட்டுக்குள் வருவதே இல்லை. நொய்டாவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் மின்னணு ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைப்போர், வீட்டுவேலை செய்யும் பெண்கள், காவலாளிகள் ஆகியோரில் பெரும் பகுதியினர் பீகார், வங்காளம், கிழக்கு உத்தரப் பிரதேசம், புந்தேல்கண்டு ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். உழைப்பு நொய்டாவில்; வாக்கோ ஊரில்.

சட்டம் என்ன சொல்கிறது? 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் எந்தத் தொகுதியில் ‘சாதாரணமாக வசிக்கிறாரோ’ அங்கே வாக்காளர் ஆகலாம். ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பது மட்டுமே அங்கு வசிப்பதாகாது என்றும் அச்சட்டத்தின் 20ஆவது பிரிவு தெளிவுபடுத்துகிறது. அதாவது, சொத்தை அல்ல, வாழ்வையே சட்டம் அளவுகோலாகக் கொள்கிறது. வீடற்றவர் ஆவணம் காட்ட வேண்டியதில்லை. அவர் இரவில் உறங்கும் இடத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் சென்று உறுதி செய்தால் போதும் என்பது ஆணையத்தின் சொந்த வழிகாட்டுதல். நடைமுறையிலோ, பத்துக்குப் பத்து அறையை வாடகைக்கு விடுபவர் ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. ஒப்பந்தம் இல்லாதவருக்கு முகவரி இல்லை. முகவரி இல்லாதவருக்கு வாக்கும் இல்லை.

ஊரில் உள்ள வாக்காவது நிலைக்கிறதா? வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுமுறை என்று 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு கூறுகிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஒரு நாள் விடுமுறையில் பீகாருக்குப் போய்த் திரும்ப முடியாது என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. 2025இல் பீகாரில் நடந்த ‘சிறப்புத் தீவிரத் திருத்தம்’ வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 65 லட்சம் பெயர்களை நீக்கியது. அவர்களில் சுமார் 36 லட்சம் பேர் ‘நிரந்தரமாக இடம் பெயர்ந்தவர்கள் அல்லது காணப்படாதவர்கள்’ என வகைப்படுத்தப்பட்டனர். இடம் பெயர்ந்தவர் என்று ஊரில் பெயரை நீக்கும் அரசு, அவர் பெயர்ந்து சென்ற இடத்தில் அதைச் சேர்க்கும் பொறுப்பை ஏற்பதில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்றிருந்த தொழிலாளிக்கு இப்போது ஊன்ற இரண்டு இடமும் இல்லை.

இந்த வெற்றிடத்தின் மீதுதான் நொய்டா ‘பாஜகவின் கோட்டை’ என்ற பிம்பம் எழுப்பப்படுகிறது. 2024இல் அக்கட்சியின் மகேஷ் சர்மா சுமார் 8.57 லட்சம் வாக்குகள் பெற்று 5.59 லட்சம் வித்தியாசத்தில் வென்றார். பெரிய வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டியலில் இருந்தோர் 26 லட்சத்துக்கும் மேல். வென்றவர் பெற்றது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வாக்களிக்காதோர் 12 லட்சத்துக்கும் அதிகம். பட்டியலுக்கு வெளியே நிற்போர் தனி.

வராதவர்கள் எல்லாம் நம்மவர்கள் என்று எண்ணுவது நம்மையே ஏமாற்றிக்கொள்வதாகும். சாதியும் மதவெறிப் பிரச்சாரமும் தொழிலாளர் குடியிருப்புகளையும் விட்டுவைக்கவில்லை. எனினும், போராடும் களத்தில் இம்மக்கள் அலட்சியமாக இல்லை. 2023இல் கிரேட்டர் நொய்டா ஆணையத்தின் வாயிலில் அகில இந்திய விவசாயிகள் சங்கத்தின் தலைமையில் விவசாயிகள் மாதக்கணக்கில் அமர்ந்து போராடினர், சிறையும் சென்றனர். அந்த உறுதி வாக்குச்சாவடியை எட்டவிடாமல் தடுக்கும் சுவர்களை உடைப்பதே இன்றைய கடமை.

நொய்டாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி வேண்டும். புதிய இடத்தில் சேர்க்காமல் பழைய இடத்தில் எவர் பெயரையும் நீக்கக் கூடாது. ஆலை வாயில்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் ஆணையம் சேர்ப்பு முகாம்கள் நடத்த வேண்டும். நடத்தும்வரை காத்திராமல், முகவரி மாற்றத்துக்கான படிவம் 8ஐத் தொழிற்சங்கங்கள் தம் அன்றாடப் பணியாக ஏற்க வேண்டும். ஊதியச் சீட்டுக்காகவும் வைப்பு நிதிக்காகவும் போராடுவதைப் போலவே, வாக்காளர் பட்டியலில் ஒரு வரிக்காகவும் போராட வேண்டிய காலம் இது.