மூன்று முறை கேட்ட ஜெபம்

தமிழ்நாட்டின் டோனாவூரில், அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேலின் கல்லறைக்குப் பெயர்க்கல் கிடையாது. தனக்குக் கல் வேண்டாம் என்று அவரே சொல்லிவைத்திருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் ‘அம்மை’ என்று மட்டும் பொறித்தார்கள்.

ஞாயிறு பள்ளிகளில் அவரைப் பற்றி ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும். நீலக் கண் கேட்டு ஜெபித்த அயர்லாந்துச் சிறுமி, விடிந்ததும் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்ணைப் பார்த்து அழுதாள். அந்தப் பழுப்புக் கண்தான் பின்னாளில் சேலை கட்டி நம்மூர்ப் பெண்போல நடமாட உதவியது என்பார்கள். நல்ல கதை. ஆனால் கேட்டது கிடைக்காத ஒவ்வொரு ஜெபத்துக்கும் காரணம் ஒருநாள் விளங்கிவிடும் என்ற நினைப்பைப் பிள்ளைகள் மனதில் அது விதைத்துவிடுகிறது. அவருடைய பிற்கால வாழ்க்கை அப்படி அமையவில்லை.

1931 அக்டோபர் 24 காலையில், தன் பிள்ளைகளுக்கு உதவத் தன்னைத் தகுதிப்படுத்த எது வேண்டுமானாலும் செய்யும்படி ஆண்டவரிடம் ஜெபித்தார். அன்று மாலை, களக்காட்டில் மருத்துவ ஊழியத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது வயது 63. குணமாகவேண்டும் என்று உடனிருந்தவர்கள் ஜெபித்தார்கள். ஆனால் 1951 ஜனவரி 18-இல் கண்மூடும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறையும் கட்டிலுமே அவருக்கு உலகம்.

அங்கிருந்து 1933-இல் ஒரு புத்தகம் வந்தது: ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’. நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள். நோயாளிகளுக்கென்று அவர் கைக்கு வந்த ஆறுதல் எழுத்துகள் பெரும்பாலும் நலமாக இருப்பவர்கள் எழுதியவை. வலியில் கிடந்தவருக்கு அவை ஒட்டவில்லை. வலியை ஆண்டவர் கையில் விடும் ஒப்புக்கொடுத்தலைப் பற்றிப் பேச யாருக்குத் தகுதி உண்டு என்ற கேள்வியை இந்தப் புத்தகத்தைவிட நேராக யாரும் எழுப்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

துக்க வீட்டில் பாய் விரிக்கும் முன்பே ‘கர்த்தருடைய சித்தம்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கெத்செமனே தோட்டத்தில் அந்தச் சொல் அவ்வளவு எளிதாக வந்துவிடவில்லை. துன்பத்தின் பாத்திரம் தன்னைவிட்டு நீங்கவேண்டும் என்று இயேசு முகங்குப்புற விழுந்து கேட்டார். எழுந்து போய், திரும்பி வந்து, மறுபடியும் கேட்டார். மூன்று முறை. கூட வந்த சீடர்கள் தூங்கிவிட்டார்கள். அவர்களிடம் அவர் எந்த விளக்கமும் எதிர்பார்க்கவில்லை, ஒரு மணி நேரம் விழித்திருக்கத்தான் சொன்னார். கேட்பதும் ஒப்புக்கொடுப்பதும் அங்கே ஒரே ஜெபம். முழு மனதோடு கேட்காதவரிடம் ஒப்புக்கொடுக்க என்ன இருக்கிறது?

சபை வரலாற்றில் ஒப்புக்கொடுத்தல் மனிதரை முடக்கிப்போட்டதைவிட நடக்கவைத்ததே அதிகம். 1727-இல் ஜெர்மனியின் சாக்சனியில், ஹெர்ன்ஹூட் கிராமத்தில், மொராவியாவிலிருந்து வந்த அகதிகள் மணிக்கு மணி முறைவைத்துத் தொடங்கிய ஜெபம் நூறாண்டுக்கு மேல் ஓய்வின்றி நீடித்தது. ஐந்தே ஆண்டில் அங்கிருந்து தங்களை ஒப்புக்கொடுத்த ஊழியர்கள் கரீபியன் தீவுகளின் அடிமைகளிடம் ஊழியம் செய்யக் கப்பலேறினார்கள்; 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்.

ஒப்புக்கொடுத்தல் என்ற இதே சொல் எளியவர்களின் வாயை அடைக்கவும் பயன்பட்டிருக்கிறது என்பதை மறைப்பது நேர்மையல்ல. அடிபடும் மனைவியிடமும் கூலி மறுக்கப்பட்டவரிடமும் ‘ஒப்புக்கொடு’ என்று பிரசங்கித்தவர்கள் உண்டு. தன் பாத்திரத்தைத் தானே ஏற்பது வேறு, அடுத்தவர் கையில் அதைத் திணிப்பது வேறு. இந்த வேறுபாடு டோனாவூரில் தெளிவாக இருந்தது. தன் உடம்பின் வலியை ஆண்டவர் கையில் விட்ட அந்த அம்மா, கோயிலில் பொட்டுக்கட்டித் தேவதாசியாக்க ஒப்படைக்கப்பட்ட சிறுமிகளின் கதியைச் சித்தம் என்று ஒருநாளும் விட்டுவிடவில்லை. 1901-இல் தப்பி வந்த ஒரு சிறுமியில் தொடங்கி, ஒவ்வொரு குழந்தைக்காகவும் கேட்டார், ஓடினார், எழுதினார். முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் சட்டமன்றத்திலும் வெளியிலும் நெடுங்காலம் போராடியபின், சென்னை மாகாணத்தில் 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபோது, ஏமி அந்தக் கட்டிலில்தான் கிடந்தார்.